காசிமேட்டில் ஓர் அறிவிப்பாளர் வரிசை

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் வாழ்ந்து மறைந்த ஒரு ஹதீஸ் அறிஞரின் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வருடத்தில் ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமை அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும், நபிமொழிகளைத் தொகுத்த பெரியவர்களில் ஒருவரைப் பற்றி ஹஜ்ரத் பேசுவது எங்கள் வழக்கம். இந்த முறை அவர் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். நான் ஜமாஅத்தின் செயலாளர். துறைமுகத்தில் சரக்கு ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ராயபுரத்தில் எந்த வேலைக்கு எந்த விண்ணப்பம், அது எந்த மேசைக்குப் போகும், அந்த மேசைக்காரர் எப்போது டீ குடிக்க எழுந்து போவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் ஜமாஅத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது. நான் இரவு இஷா தொழுகைக்கு முன்பே முடித்துவிடுவேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

படிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த அறிஞரோடு எனக்கு உறவு ஏற்பட்டது. சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். தாய் வளர்த்த பிள்ளை. பருவம் வருவதற்கு முன்பே நபிமொழிகளை மனப்பாடம் செய்யத் தொடங்கியவர். பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக நடந்தார். நபியவர்கள் சொன்னதாக ஒருவர் ஒன்றைச் சொன்னால், உங்களுக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று நபியின் காலம் வரை ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போய்க் கேட்பார். அந்த அறிவிப்பாளர் வரிசையில் இருக்கும் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் அவருக்குப் போதாது. நேரில் சந்தித்தார்களா என்பதும் தெரிய வேண்டும். ஒருவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் மறதிக்காரரா? உண்மை பேசுகிறவர்தான், ஆனால் இடையில் தன் சொந்த விளக்கத்தைச் செருகிவிடுகிறவரா? இப்படிச் சலித்துச் சலித்து, கேட்டதில் மிகச் சிறிய பங்கையே தன் தொகுப்பில் வைத்துக்கொண்டார்.

எனக்கு இது புதிதாகவே படவில்லை. துறைமுகத்தில் எந்தப் பெட்டியும் தானாக வந்து நிற்பதில்லை. கப்பலில் இருந்து யார் இறக்கினார், யாரிடம் கொடுத்தார், வாங்கியவர் கையெழுத்து எங்கே என்று கேட்டுக் கேட்டே என் தலைமயிர் உதிர்ந்தது. இடையில் ஒரு கை விடுபட்டால் பெட்டி கேட்டைத் தாண்டாது. அந்த அறிஞர் எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் யாருக்கும் அவரைப் பிடித்திருக்காது. எனக்கு மட்டும் பிடித்திருக்கும்.

இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி புளி கரைத்துக்கொண்டே, "காலமெல்லாம் மூட்டையப் பாத்த ஆளுக்கு ஹதீஸும் மூட்டையாத்தான் தெரியும்" என்றாள்.

பேச்சின் உச்சத்துக்கு நான் ஒரு கதையை வைத்திருந்தேன். எல்லோரும் கேட்டிருக்கும் கதைதான். ஒரே ஒரு நபிமொழியைக் கேட்பதற்காக அந்த அறிஞர் வெகுதூரம் பயணம் போகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில், தேடிவந்த மனிதர் ஓடிப்போன தன் குதிரையை மடியை ஏந்திக் காட்டி அழைத்துக்கொண்டிருக்கிறார். மடியில் தீனி இருக்கிறதா என்று அறிஞர் பார்க்கிறார். ஒன்றுமில்லை. மிருகத்தை ஏமாற்றுகிறவனிடம் நபிமொழி வாங்கமாட்டேன் என்று அப்படியே திரும்பிவிடுகிறார்.

இதை எந்த நூலில் இருந்து சொல்வது என்று ஹஜ்ரத்திடம் கேட்கப் போனேன். ஹஜ்ரத்தின் அறையில், கண்ணாடி போட்ட சட்டத்தில் அவருடைய சனது தொங்குகிறது. அவருக்குப் பாடம் சொன்ன உஸ்தாத், அந்த உஸ்தாதின் உஸ்தாத் என்று பெயர் பெயராக ஏறி, அந்த ஹதீஸ் அறிஞர் வரைக்கும் போகும் வரிசை அது. இத்தனை நூற்றாண்டுகளாக அறுபடாமல் வந்த அந்தச் சங்கிலியின் இந்தப் பக்கத்து முனை, ராயபுரத்தில் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தது.

"குதிரைக் கதைதானே?" என்று காற்றுக் குரலில் கேட்டார். "நானும் ரொம்ப நாளாத் தேடுறேன். நம்புற மாதிரி வரிசை கிடைக்கலை. ஆளாளுக்கு ஒரு பேரப் போட்டு சொல்றாங்க."

யார் சொன்னது என்று கேட்டே வாழ்ந்த மனிதரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சிரித்தேன். ஹஜ்ரத்தும் சிரித்தார், இருமல் வந்துவிட்டது. என் பேச்சில் உச்சம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது.

அந்தப் பள்ளத்தோடு வீட்டுக்கு வந்தால், என் சிநேகிதர் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டுக்குப் போகும் வழியில் கயிறும் வலையும் விற்கும் கடை வைத்திருப்பவர். முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் டீயை ஆறவிடுகிறவர் இல்லை.

"பாய், மாப்ளை குடிக்கிறானாம்."

அவருடைய ஒரே மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிவாசலில் நிக்காஹ். மாப்பிள்ளை திருவொற்றியூர்ப் பையன். எண்ணூருக்கு வெளியே கடலில் நிற்கும் தூர்வாரும் கப்பலில் இன்ஜின் வேலை. வாரக்கணக்கில் கடலில் இருப்பான், பிறகு சில நாள் கரையில்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்கோ பாய்."

"எல்லாருன்னு ஒரு ஆளு கிடையாது. யாருன்னு சொல்லு."

"யாருன்னா இன்னா பாய், டீக்கடையில பேசிக்கினு கீறாங்கோ. ஜமாஅத் தலைவர் காதுக்கும் பூட்ச்சு. விசாரிக்காம கையெழுத்து போடமாட்டேன்றாரு. மண்டபம் சொல்லியாச்சு. புளியந்தோப்புல கறிக்கு சொல்லியாச்சு. நான் இப்போ இன்னா பண்றது?"

எங்கள் ஜமாஅத்தில் ஒரு நடைமுறை உண்டு. மாப்பிள்ளை வேறு பள்ளிவாசலின் மஹல்லாவைச் சேர்ந்தவராக இருந்தால், அங்கிருந்து நற்சான்று வரவேண்டும். அது வந்துவிட்டது. அதன்மேல் எங்கள் தலைவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் நிக்காஹ் தஃப்தர் என்ற கல்யாணப் பதிவேடு திறக்கும். அந்தக் கையெழுத்து நின்றால் கல்யாணம் நிற்கும். அதைவிட, நின்ற காரணம் ஊரில் நிற்கும்.

அவர் பின்னாலேயே அவருடைய மகளும் வந்து நின்றாள். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் பெண். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"மாமு, அத்தா சுத்தி வளைச்சுப் பேசும். நான் நேரா சொல்றேன். அவரு குடிப்பாருன்னா எனக்கு வேணாம். இல்லைன்னா, எனக்கு அவருதான் வேணும். ரெண்டுல எதுன்னு தெரியணும், அவ்ளோதான்."

"அவரையே கேட்டியாம்மா?"

போனைத் திருப்பிக் காட்டினாள். அவள் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் நின்றுகொண்டிருந்தது. "லீவு முடிஞ்சு போன வாரம்தான் திரும்பினாரு. இப்போ கப்பல் தூரப் போச்சு. டவர் இல்ல. இதே ஒத்த டிக்கைப் பாத்துக்கினு கீறேன்."

அந்த ஒற்றை டிக்கை நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? அடுத்தவங்களப் பத்தி வூடு வூடாப் போய்க் கேக்குறது புறம் பேசுறதுல சேராதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"செய்தி கொண்டுவர்றவன் எப்படிப்பட்டவன்னு பார்க்கிறது தப்பில்லை. பெரிய பெரிய இமாம்களே செஞ்சிருக்காங்க."

"அவங்க இமாம். நீங்க டீக்கடைக்குப் போறீங்க. வரும்போது கொத்தமல்லி வாங்கியாங்க."

முதல் அறிவிப்பாளர் டீக்கடைக்காரர். நேர்மையானவர், ஆனால் எதிலும் சர்க்கரை கூடுதலாகப் போடுகிறவர். "ரோட்டுல வுழுந்து கெடந்தானாம் பாய். ரெண்டு பேரு தூக்கினு போனாங்களாம்" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாக்க? கடைய வுட்டு நவுர முடியுதா? பரோட்டா மாஸ்டர் சொன்னாரு."

பரோட்டா மாஸ்டர் பக்கத்துக் கடை. மாவை வீசிக்கொண்டே பேசினார். இவருடைய அறிவிப்பில் யாரும் விழவில்லை. "வுழலை பாய். வுழுற மாதிரி வந்தான். ஃபுல் தண்ணி. தூக்கினு போனதா? அத நான் சொல்லவே இல்லியே. அந்தாளு டீயோட சேத்து ஆத்தியிருப்பாரு."

"தண்ணின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"ஷேர் ஆட்டோக்காரரு. தெனமும் இங்கதான் சாப்புடுவாரு."

ஒரு படி ஏறியதும், தூக்கிக்கொண்டு போன இரண்டு ஆட்கள் காணாமல் போனார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெளியே சொல்லக்கூடாது, அந்த இக்கட்டான நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு ஒழுங்கான வேலை எனக்குக் கிடைத்ததில்லை.

ஷேர் ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னா நைனா, நான் குடிச்சான்னு சொல்லவே இல்லியே. மாப்ளை காசிமேட்டாண்ட ஆடிக்கினு வந்தாருன்னு மீன்காரம்மா சொல்லிச்சு. அதத்தான் மாஸ்டராண்ட சொன்னேன்."

"குடிச்சிட்டு ஆடிக்கினு வந்தான்னு சொன்னியா, சும்மா ஆடிக்கினு வந்தான்னு சொன்னியா?"

யோசித்தார். "குடிச்சிட்டுன்னுதான் சொன்னேன்போல. நைனா, நான் புளியந்தோப்பு. எங்க ஏரியாவுல ஒருத்தன் பட்டப்பகல்ல ஆடிக்கினு வந்தா வேற இன்னா அர்த்தம்? டெங்குவா?"

ஸ்டாண்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் பிடிபட்டுவிட்டது. துறைமுகத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! நெடுநாள் கடலில் இருந்த மாலுமி ஏணியில் இறங்கித் தரையில் கால் வைப்பான். தரை அசையாது. ஆனால் அவன் கால்களுக்கு அது தெரியாது. அலைக்குத் தயாராகவே அவை ஒவ்வோர் அடியும் வைக்கும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன் பாய்மரம் மாதிரி சாய்ந்து சாய்ந்து வருவான். கடலோரத்தில் பிறந்தவர்கள் இதைப் பார்த்துத் திரும்பக்கூட மாட்டார்கள். செய்தி கடலோரத்தில் இருந்தவரை சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆட்டோ ஏறிப் புளியந்தோப்புக்காரரின் காதுக்கு வந்ததும், அவருக்குத் தெரிந்த விளக்கம் செய்தியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த அறிஞர் பயந்த இடைச்செருகல் இதுதான்.

ஆனால் இது என் ஊகம். ஊகத்தின்மேல் தலைவர் கையெழுத்துப் போடமாட்டார். அந்த ஸ்கேன் சென்டர் பெண்ணும் ஏற்கமாட்டாள். கண்ணால் கண்டவரிடம் போகவேண்டும்.

மறுநாள் காலை காசிமேடு. ஏலச் சத்தம் அடங்கி, பெண்கள் கூடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன்காரம்மாவை எனக்கு வெகுகாலமாகத் தெரியும். வவ்வால் மீனில் என்னை அவர் ஏமாற்றியதில்லை. சங்கராவில் ஏமாற்றியிருக்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே செய்தார்.

"இன்னா பாய், மீனுக்கு வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா? மூஞ்சியே சரியில்லியே."

விஷயத்தைச் சொன்னேன். முழுதும் சொல்லி முடிக்கவில்லை.

"எந்தக் கஸ்மாலம் சொன்னது குடிச்சான்னு?" கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நான் கண்ணால பாத்தேன் பாய். போன தடவை லீவுல வந்தப்போ, தோ, இந்த இடத்துலதான் படகுல இருந்து எறங்குனாரு. ரெண்டு எட்டு வெச்சாரு, ஆடிக்கினு போய் அந்தக் கம்பத்தப் புடிச்சிக்கினு அவரே சிரிச்சாரு. எங்க ஆளுங்க எல்லாம் ஓட்டுனோம், பாத்து மாப்ளை, தரை ஆடுதுன்னு. எம் புள்ளையும் லாஞ்சுல பத்து நாளு போய்ட்டு வந்தா அப்படித்தான் கீறான்."

"அவர்தான் கயித்துக்கடை பாய் வூட்டு மாப்ளைன்னு எப்படித் தெரியும்?"

"நிச்சயத்துக்கு நானும் போனேனே! எம் புள்ளைக்கு வலை அங்கதான் வாங்குறோம். நீயும்தான் இருந்த. எனக்கு முன்னாடி ஃபிர்னி தீந்துபோச்சு, அது ஞாபகமில்ல உனுக்கு."

"கிட்டக்க வந்தாரா? வாசனை ஏதாவது…"

"வந்தாராவா! ஆட்டத்தோட ஆட்டமா வந்து, இந்தக் கூடைய என் தலையில தூக்கி வெச்சாரு. என் வூட்டுக்காரன்கூட காலம் பூரா குப்பை கொட்டினவ நானு. பத்தடி தூரத்துல எவன் குடிச்சான், இன்னா குடிச்சான், யாரு காசுல குடிச்சான்னு எனுக்குத் தெரியும். அந்தப் புள்ளை மேல டீசல் நாத்தம்தான் அடிச்சுது."

"ஆட்டோக்காரராண்ட என்ன சொன்னீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"மாப்ளை ஆடிக்கினு வந்தாரு, தரை இன்னும் அவருக்குக் கடலாத்தான் கீதுன்னேன். பாதி கேக்கும்போதே ஆளு ஏறிட்டாங்கன்னு வண்டிய எடுத்துட்டான் பேமானி. அவன் வரட்டும். மீன் தலையாலயே அடிக்கிறேன்."

பக்கத்துக் கூடைக்காரம்மாள், "நானும் பாத்தேன் பாய்" என்றார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர், "கம்பத்தப் புடிச்சாரே, அந்த ஆளுதானே? நல்ல ஆளு" என்றார். தனித்தனியாகப் பார்த்த மூன்று பேர், ஒரே செய்தி, நேரில் கண்டது. இதைவிட வலுவான அறிவிப்பு என் ஆயுளில் என் கைக்கு வந்ததில்லை. சந்தோஷத்தில் பேரம் பேசாமல் சங்கரா வாங்கினேன். அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மீன் பையோடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவள் வாசலுக்கு வந்தாள். ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். எங்கே எது சேர்ந்தது, எது யாருடைய சரக்கு என்று பிரித்துக் காட்டினேன். அவள் பாதி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு கை அவிழ்ந்தது.

"கூடைய அவரு தூக்கி வெச்சாரா?"

"வெச்சாராம்."

"ஆடிக்கினேவா?"

"ஆடிக்கினேதான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிற்கவில்லை. காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லுங்க மாமு, அந்தக் கூடைய மட்டும்" என்றாள். சொன்னேன். பொதுவாக நான் எதையும் இரண்டு தடவை சொல்வதில்லை.

தலைவர் முழுதும் கேட்டார். மீன்காரம்மாவிடம் இருந்து தொடங்கி டீக்கடை வரை நான் ஒப்பித்ததும், "யாரு யாரு பேச்ச எவ்ளோ எடுத்துக்கணும்னும் சொல்லிட்டியே, இதையெல்லாம் வெளியில சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் மை ஊற்றும் பேனா வைத்திருக்கிறார். அது காயும்வரை நானே ஊதினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மஃரிபுக்குப் பிறகு பேசினேன். அந்த அறிஞரின் தாயைப் பற்றி, அவர் நடந்த நடையைப் பற்றி, அவர் தள்ளிவைத்தவற்றைப் பற்றி. கடைசிக் காலத்தில், அரண்மனைக்கு வந்து என் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொல் என்று ஆளுநர் கேட்டபோது மறுத்ததையும், அதனால் சொந்த ஊரிலேயே இருக்க முடியாமல் ஒரு சிற்றூரில் உயிர்விட்டதையும் சொன்னேன். ஆளுநரின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? இவருடைய வரிசையோ மஃப்ளர் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஹஜ்ரத்தைக் காட்டினேன். அவர் கையை அசைத்து மறுத்தார், முகம் மலர்ந்துதான் இருந்தது.

முடிக்கப் போகும்போது டீக்கடைக்காரர் பின்னால் இருந்து, "பாய், குதிரைக் கதை சொல்லலியே?" என்றார்.

"வரிசை கிடைக்கலை."

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாச்சே!"

"எல்லாருன்னு ஒரு ஆளு கிடையாது."

பள்ளிவாசல் என்றும் பாராமல் கூட்டம் சிரித்தது. விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவரும் சிரித்தார். மறுநாள் என் டீயில் சர்க்கரை குறைவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவானா என்பதே அடுத்த பதற்றமாகிவிட்டது. கடல் கொஞ்சம் முரண்டு பிடித்ததில் படகு தாமதம். அன்று காலைதான் கரை இறங்கினான். குளித்து, ஷெர்வானி போட்டு, மாலையோடு பள்ளிவாசல் வாசலில் காரை விட்டு இறங்கினான். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில் இடது பக்கம் சாய்ந்தான்.

தெருவே திரும்பிப் பார்த்தது. என் சிநேகிதர் என் கையைப் பிடித்தார்.

வாசலுக்கு எதிர்ப்புறம், பச்சைப் பட்டுப் புடவையில், கொண்டையில் பூவோடு மீன்காரம்மா நின்றிருந்தார். இந்த முறை அவரைத் தனியாகப் பெயர் சொல்லி அழைத்திருந்தார்கள். ஏலம் கூறும் குரலில் கத்தினார்:

"பாத்து மாப்ளை, தரை ஆடுது!"

மாப்பிள்ளை பள்ளிவாசல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெரு முழுக்கச் சிரித்தது. ஷேர் ஆட்டோக்காரர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னால் இருந்து வந்த சிரிப்பை ஸ்கேன் சென்டர் வாசலில் நான் முன்பே கேட்டிருந்தேன். தஃப்தரில் ஒரு சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன். கண்ணால் கண்டு போட்டது.

மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் மாப்பிள்ளை வழி உறவு. திருவொற்றியூர்க்காரர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கறித்துண்டைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தெரியுமா பாய், இந்த ஜமாஅத் செயலாளர் கீறாரே, பெரிய ஆளாம். மாப்ளையப் பத்தி யாரோ தப்பா சொன்னதும், ராவோட ராவா படகு புடிச்சி நடுக்கடல்ல கப்பலுக்கே பூட்டாராம். வாய ஊதச் சொல்லி மோந்து பாத்தாராம்!"

"யாரு சொன்னது?"

"பரோட்டா மாஸ்டர் சொன்னாரு. அவருக்கு ஆட்டோக்காரரு. ஆட்டோக்காரருக்கு மீன்காரம்மா. மீன்காரம்மாவுக்கு அந்தச் செயலாளரே நேர்ல சொன்னாராம்."

வரிசையில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் ஒரே காலத்தவர், ஒருவரையொருவர் நேரில் கண்டவர்கள். நான் திருத்துவதற்காகத் தட்டில் இருந்து கையை எடுத்தேன். எதிரே பெண்கள் பந்திக்குப் போகும் வழியில் மீன்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் துடுப்புப் போடுவதுபோல் அசைத்துக் காட்டினார்.

"அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கேட்டுவிட்டு, நான் பிரியாணியில் கை வைத்தேன்.